நியூ ஜெர்சியில் மெடிக்கல் கஞ்சா அட்டை: விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் விசாவைப் பாருங்கள்

நியூ ஜெர்சியில் கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த 2010-ல் சட்டம் வந்தது. 2022 ஏப்ரலிலிருந்து 21 வயது நிரம்பிய யாரும் அட்டை இல்லாமலே கடையில் வாங்கலாம். கடைவீதியில் பளிச்சென்று போர்டு வைத்து விற்பதைப் பார்க்கும்போது, புதிதாக வந்தவர்களுக்கு இங்கே எல்லாம் சரிதான் போலிருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. மாநிலச் சட்டப்படி சரிதான். ஆனால் உங்கள் விசாவும் கிரீன் கார்டும் குடியுரிமையும் ஃபெடரல் (மத்திய) அரசின் கையில் இருக்கின்றன, அந்த அரசின் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். அதனால் அட்டை வாங்கும் முறையைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எச்1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்துக்கான எச்4, மாணவர்களுக்கான எஃப்1 எதில் இருந்தாலும் சரி, கிரீன் கார்டு கையில் இருந்தாலும் சரி, குடியுரிமை வரும்வரை இந்த அட்டையை நீங்களாக முடிவு செய்து வாங்காதீர்கள். முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா பயன்பாடு குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போகும்போது நிரப்பும் விசா படிவத்திலும் போதைப்பொருள் சட்டம் எதையாவது மீறியிருக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். தண்டனை எதுவும் இல்லாமல், விமான நிலையத்தில் அதிகாரி கேட்டதற்கு நீங்களே ஒப்புக்கொண்டாலும் அது சிக்கல்தான். அதற்காகப் பொய் சொன்னால் அது இதைவிடப் பெரிய சிக்கல். போனில் இருக்கும் அட்டைப் படம், கடை ரசீது, வாட்ஸ்அப்பில் போட்ட போட்டோ எல்லாம் கேள்வியைக் கிளப்பும்.

வலியில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. கீமோதெரபி வாந்திக்கு ட்ரொனாபினால், நாபிலோன் என்று கஞ்சா வகை வேதிப்பொருள் கொண்ட இரண்டு மருந்துகள் 1985 முதல் அங்கீகாரம் பெற்றவை. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு வகைகளுக்கு எபிடியோலெக்ஸ் 2018-ல் வந்தது. டாக்டர் சீட்டு எழுதி சாதாரண ஃபார்மசியில் வாங்கும் மருந்துகள் இவை, ஃபெடரல் சட்டமும் அனுமதிப்பவை. இன்சூரன்ஸ் கொடுக்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றி முதலில் கேளுங்கள்.

சரி, நீங்கள் குடியுரிமை பெற்றவர், அல்லது வழக்கறிஞரிடம் பேசி முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், முறை அவ்வளவு சிரமமில்லை. நியூ ஜெர்சியில் வசிப்பவராக இருக்க வேண்டும். புற்றுநோய், நாள்பட்ட வலி, மைக்ரேன், மாதவிடாய்க் கடும்வலி, வலிப்பு, கிளகோமா என்ற கண் அழுத்த நோய், குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி, பதற்ற நோய், பிடிஎஸ்டி என்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் இவையெல்லாம் தகுதியுள்ள நோய்களின் பட்டியலில் இருக்கின்றன. எல்லா டாக்டரும் சான்று தர முடியாது, இந்தத் திட்டத்தில் பதிவு செய்தவர்தான் தர வேண்டும். இதை நடத்தும் கஞ்சா ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பதிவு செய்திருந்தால் அவரிடமே போவது நல்லது, உங்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவருக்குத் தெரியும். நீங்கள் சாப்பிடும் மருந்து ஒவ்வொன்றையும், ஊரிலிருந்து கொண்டுவந்த சித்த, ஆயுர்வேத மருந்து உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு இது மோதும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், வெட்கப்படும் விஷயமில்லை.

டாக்டர் சான்றைக் கணினியில் ஏற்றியதும் உங்களுக்கு எண் கிடைக்கும். அதை வைத்து ஆணையத்தின் தளத்தில் பதிவு செய்து, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ ஏற்ற வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள். டிஜிட்டல் அட்டை இலவசம், பிளாஸ்டிக் அட்டை வேண்டுமானால் 10 டாலர். அட்டை இரண்டு வருடம் செல்லும், டாக்டர் சான்றுக்குத் தனிக் காலக்கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். 30 நாளுக்கு அதிகபட்சம் 3 அவுன்ஸ், டாக்டர் குறித்த அளவுக்குள். அட்டைக்காரர்களுக்கு விற்பனை வரி இல்லை, ஆனால் இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது.

கடைக்குப் போக முடியாத அம்மா அப்பாவுக்காக கேர்கிவராக (பராமரிப்பாளராக)ப் பதிவு செய்து நீங்கள் வாங்கித் தரலாம். இங்கேதான் பலர் யோசிக்காமல் விடுகிறார்கள். அம்மா குடியுரிமை பெற்றவராக இருக்கலாம், வாங்கி வைத்திருக்கப்போகும் நீங்கள் எச்1பி என்றால் ஆபத்து உங்களுக்கு. குடியுரிமை பெற்ற அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர்கள் பெயரைப் போடுங்கள். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருக்கும் பெற்றோர் இந்த மாநிலவாசி இல்லை, அவர்களுக்கு அட்டை கிடையாது. மூட்டுவலி என்று வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்தும் விடாதீர்கள்.

அப்புறம் சில தடைகள். வீட்டில் செடி வளர்ப்பது நியூ ஜெர்சியில் குற்றம், அட்டை இருந்தாலும். கஞ்சா எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டினால் குடித்துவிட்டு ஓட்டிய அதே சட்டம் பாயும். மாநில எல்லை தாண்டி எடுத்துப் போகக்கூடாது. ஊருக்குப் போகும் பெட்டியில் கஞ்சா கலந்த கம்மி (gummy) மிட்டாய் ஒன்றுகூட இருக்கக்கூடாது, சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் பெட்டியை இரண்டு முறை பாருங்கள், அங்கே அளவு கூடினால் மரண தண்டனைவரை போகும். லாரி ஓட்டுபவர்களும் ஃபெடரல் ஒப்பந்த வேலையில் இருப்பவர்களும் அட்டை இருப்பதால் வேலை தப்பும் என்று நம்ப வேண்டாம்.

வாங்கியதைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் மாதிரி இருப்பதைக் குழந்தை மிட்டாய் என்றுதான் எடுத்துச் சாப்பிடும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தூங்கி விழுந்தாலோ மூச்சு சரியில்லை என்றாலோ 911. என்ன சாப்பிட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் டாக்டருக்குத் தேவை அதுதான்.