ஊர் ஊராகத் திரியும் நாயகன்: படிப்பவரும் எழுதுபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்பேர் தெரியாத ஒருவன் ஓர் ஊரில் வந்து இறங்கி, அங்குள்ள அக்கிரமக்காரர்களை அடித்து ஒடுக்கிவிட்டுப் போய்விடும் அதிரடி நாவல்களைப் படிப்பவர்கள் செய்யும் முதல் தவறு, அட்டையை மறைத்துக்கொண்டு படிப்பதுதான். முடிவு முன்பே தெரிந்த கதையைப் போய்ப் படிக்கிறோமே என்ற கூச்சம் அது. கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூச்சம் தேவையே இல்லை. அண்ணன் தம்பிகளான பொன்னரும் சங்கரும் கடைசியில் மாண்டுபோவார்கள் என்பது தெரியாமலா, அவர்களைப் பற்றிய நாட்டார் பாட்டான அண்ணன்மார் கதையைக் கேட்க மக்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்? 1965ஆம் ஆண்டு காங்கயம் வட்டாரத்தில் ஆய்வாளர் பிரெண்டா பெக் அக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தபோது, அதைப் பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. முடிவு தெரிந்திருப்பது கதைக்குக் குறையன்று. பாடுபவர் அங்கே எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்பதில் மனம் முழுவதும் ஒன்றுவதற்கு அதுவே வழிவிடுகிறது.

சண்டைக்காகவே இவற்றைப் படிக்கிறோம் என்று நினைப்பது அடுத்த தவறு. இந்த வகையில் உலகெங்கும் பெயர்பெற்ற நாவல் நாயகன் ஜேக் ரீச்சர், ஆறடி ஐந்து அங்குல உயரமுள்ள முன்னாள் ராணுவக் காவல் அதிகாரி. மடக்குப் பல்துலக்கியைத் தவிரப் பெரிதாக உடைமை கிடையாது. துணி அழுக்கானால் துவைப்பதில்லை, புதிதாக வாங்கிக்கொள்வார். அவரைப் படைத்த லீ சைல்ட், இங்கிலாந்தில் தொலைக்காட்சி வேலையை 1995இல் இழந்த பிறகு எழுத உட்கார்ந்தார். முதல் நாவல் 1997இல் வெளிவந்தது. வேலை போன ஒருவர் வீடும் கடனும் மேலதிகாரியும் இல்லாத ஒருவனைக் கற்பனை செய்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துப் படித்தால், அவனுடைய கைமுட்டியைவிட அவன் கிளம்பிப் போவதே நம்மை அதிகம் இழுக்கிறது என்பது விளங்கும்.

இதை நான் பேருந்தில்தான் உணர்ந்தேன். எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம் பற்றிய வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா பட்டா நகலை மஞ்சள் பையில் சுருட்டி மடிமேல் வைத்துக்கொண்டு வருவார்; பக்கத்து இருக்கையில் நான் இப்படியொரு நாவலில் மூழ்கியிருப்பேன். தடத்தை மறித்துக் கல் நட்டவர் எங்கள் பங்காளி. அவர் வீட்டுக் கலியாணத்துக்கும் நாங்கள் போய் மொய் வைத்தாக வேண்டும். நாவலில் வருபவனுக்கு வாய்தா இல்லை, சாட்சி இல்லை, அடித்த ஆளை மாரியம்மன் நோம்பியில் மறுபடி எதிரே பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இருந்த இடத்தை விட்டு நகர முடியாதவர்களுக்குத்தான் இந்தக் கதை அதிகம் இனிக்கிறது.

அந்த இனிப்பைத் தெருவுக்குக் கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. நாவலில் குற்றவாளி யார் என்பதை ஆசிரியர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிடுகிறார். தெருவில் அப்படிக் காட்டித்தர யாருமில்லை. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகக் கைபேசியில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்கு வழி தேடி வந்த மூதாட்டி ஒருவரைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடித்தே கொன்றது. அங்கே ஊர்பேர் தெரியாமல் வந்து இறங்கியவர் அந்த மூதாட்டிதான்.

ஒரே மூச்சில் நான்கைந்து நாவல்களைப் படித்துவிட்டுச் சலிப்பதும் தவறே. ஆண்டுக்கு ஒன்று என்று வெளிவந்தவற்றை அந்த இடைவெளியோடு படிப்பது நல்லது.

இவற்றைப் படித்துவிட்டுத் தமிழில் எழுத முனைபவர்கள், அமெரிக்கச் சிற்றூரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். காங்கயம் பேருந்து நிலையத்தில் இறங்கி டீ கேட்பவனிடம் "எந்தூருங்க?" என்பார் அருகில் நிற்பவர், பதில் வந்ததும் "அங்க யாரூட்டுக்குங்க?" என்பார், டீ ஆறுவதற்குள் இருவருக்கும் பொதுவான ஒரு சொந்தக்காரர் அகப்பட்டுவிடுவார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பிடிகொடுக்காத ஒருவனை இங்கே உலவவிடுவதற்கு எழுத்தாளர் உழைத்தாக வேண்டும். அதைச் செய்ய முடியாமல் அவனுக்கு ஓர் அத்தை மகளையும் பழைய பகையையும் கொடுத்து ஊரிலேயே தங்கவைத்துவிட்டால், அது வேறொரு கதை.

கொங்கு மண்ணிலிருந்தே அப்படியொருவனை உருவாக்க முடியும் என்று நம்புகிறேன். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வடக்கே பல மாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் சுற்றுகின்றன. அந்த வண்டியில் போகும் ஆளின் உறவுமுறை யாருக்கும் தெரியாத ஊர்கள் அவை. வண்டி நின்ற ஊரில் யார் நிலத்தை யார் வளைத்திருக்கிறார்கள், யாருக்குத் தண்ணீர் மறுக்கப்படுகிறது என்பது இரண்டாம் நாளே அவன் காதில் விழும். தண்ணீர் வந்தாலும் புகைமண்ணே வந்தாலும் மூன்றாம் நாள் குழாய்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும்.