வாடகை வீட்டில் ஒரு செஸ்னா காக்பிட்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டருக்கு வீட்டிலேயே காக்பிட் (விமானி உட்காரும் அறை) கட்டுகிறேன் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் பிளைவுட் வாங்குகிறார்கள். நான் முதலில் ஸீட் வாங்கச் சொல்வேன். உட்கார்ந்த ஆளின் கண் எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் கருவிகள் பதிக்கும் பேனல், வெளிக்காட்சி காட்டும் டிவி எல்லாவற்றுக்கும் இடம் குறிக்க முடியும்.

பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் ஷீட் மெட்டல் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். முருகேஷ்பாளையத்தில் மகளுடைய வாடகை ஃபிளாட்டில் இருக்கிறேன். பேரன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்; அதிகம் ஓட்டுவது யார் என்று மகளுக்குத் தெரியும்.

போயிங், ஏர்பஸ் ஆசை வேண்டாம். செஸ்னா 172 என்ற சின்ன விமானம் போதும். 1955-ல் முதலில் பறந்தது. உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் அதுதான். உள் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு ஸீட்டோடு அடங்கும். பின்னால் போய் வயர் செருகவும் இடம் மிஞ்சும்.

ஸீட்டுக்குச் சிவாஜி நகர் குஜரிக் கடைகள், அதாவது பழைய சாமான் கடைகள். சின்னக் காரின் முன் ஸீட்டை, முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயிலோடு சேர்த்துக் கேளுங்கள். ரெயில் இல்லையென்றால் தாத்தாவுக்கு எட்டும் பெடல் பேரனுக்கு எட்டாது.

ஸீட்டைப் பலகைமேல் வைத்துக் காலை நீட்டி உட்காருங்கள். கண் உயரத்தைப் பக்கத்துச் சுவரில் ஒருவர் டேப் ஒட்டிக் குறிக்கட்டும். அங்கிருந்து ஒரு நூலை, பேனலுக்கு மேல் வரப்போகும் கிளேர்ஷீல்டின் (வெளிச்சம் மறைக்கும் மேல்தட்டின்) விளிம்பைத் தொட்டபடி எதிரே டிவி வரை இழுங்கள். நூல் டிவியின் கீழ்ச் சட்டத்துக்குச் சற்று மேலே முட்டவேண்டும். சட்டம் தெரிந்தால் அது டிவிதான்; மறைந்துவிட்டால் ஜன்னல்.

அடுத்தது வாடகை வீட்டு விஷயம். அக்ரிமென்ட் முடிந்து ஓனர் காலி செய்யச் சொன்னால் காக்பிட்டும் கதவு வழியாகத்தான் வெளியே போகவேண்டும். எட்டுக்கு நாலு ஷீட் எங்கள் லிஃப்டில் நுழையாது. கடையிலேயே அறுத்து வாங்குங்கள். எந்தத் துண்டும் 2½ அடி அகலத்தைத் தாண்டக் கூடாது. அடித்தளத்துக்கு 18 மி.மீ., விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டங்களுக்கு 12, பேனலுக்கு 6, வளைந்த மேல்பக்கத்துக்கு வளையக்கூடிய ஃபிளெக்ஸி பிளை. மரைன் பிளை அநாவசியம், நாம் மழையில் பறக்கப்போவதில்லை. மரத்தூள் அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மலிவு, ஆனால் அதன் ஓரத்தில் போட்ட ஸ்க்ரூவைக் கழற்றினால் மறுபடி பிடிக்காது. அலுமினியத் தகடா? காலமெல்லாம் ரிவெட் அடித்தவன் சொல்கிறேன், வேண்டாம். மெல்லிசுத் தகடு ஸ்பீக்கர் சத்தத்துக்கே அதிரும்; கனமானதை வீட்டில் வளைக்க முடியாது.

"எதுக்கு சார் போல்ட்டு? பசை போட்டு ஆணி அடிச்சா ஜென்மத்துக்கும் அசையாது" என்றார் ஆசாரி.

"அது வீடு மாறணும் மேஸ்திரி."

பல் வைத்த டி-நட்டைப் பலகையின் பின்பக்கம் சுத்தியால் அடித்து இறக்கி, முன்பக்கமிருந்து எம்6 போல்ட்டை வாஷரோடு முடுக்குங்கள். மரை இரும்பில் இருப்பதால் எத்தனை தடவை கழற்றினாலும் தளராது. ஸீட்டும் பெடலும் ஒரே அடித்தளத்தில் பிணைந்திருப்பது முக்கியம். தனித்தனியாக வைத்தால் பிரேக்கை மிதிக்கும்போது ஸீட் பின்னால் ஓடும்.

இனி பேனல். பேனல் வரைபடத்தை, பெரிய தாளில் அச்சடிக்கும் பிளாட்டரில் முழு அளவில் பிரிண்ட் எடுக்கும்போது, ஓரத்தில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுவையுங்கள். கடையை விட்டு இறங்குமுன் ஸ்டீல் ரூலால் அளக்கவேண்டும். 98 வந்தால், பக்கத்துக்கு அடங்கும்படி சுருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். திருப்பிக் கொடுங்கள்.

நிஜ விமானத்தில் முக்கியக் கருவிகளுக்கான துளை 3⅛ அங்குலம், அதாவது 79.4 மி.மீ. நமக்கு டிரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் 80 மி.மீ. ஹோல்-சா போதும். பிளையைக் கீழே ஒரு வேஸ்ட் பலகையோடு கிளாம்ப் பண்ணி, டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். நடு பிட் மறுபக்கம் இறங்கி, ரம்பப் பல் பாதி ஆழம் அறுத்ததும் நிறுத்துங்கள். பலகையைத் திருப்பி, அந்தச் சின்னத் துளையிலேயே பிட்டை வைத்து மிச்சத்தை அறுங்கள். ஒரே பக்கமாக அறுத்தால் கடைசி அடுக்கு பிய்ந்துகொண்டு வரும். எத்தனை பட்டி பார்த்தாலும் அது மறையாது. மேல் வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி. கீழ் வரிசையில் விமானம் திரும்புவதைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர், திசைகாட்டி, ஏற்ற இறக்க மானி. துளைகளுக்குப் பின்னால் ஒரு 24 அங்குல மானிட்டர் நின்றால் முள்ளெல்லாம் திரையில் ஓடும்.

யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டீயரிங்கை, வெறும் 6 மி.மீ. பேனலில் தொங்கவிடாதீர்கள், இழுக்கும்போது பேனல் வளையும். பின்னால் அடித்தளத்திலிருந்து ஒரு கால் கொடுங்கள். கிளேர்ஷீல்டுக்கு மேட் கறுப்பு பெயின்ட். பளபளப்பு அடித்தால் டிவி வெளிச்சம் கண்ணைக் கூசும். டாகிள் சுவிட்ச், வயரெல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், சுவிட்சுகளை, ஜாய்ஸ்டிக் புரோகிராம் ஏற்றிய ஆர்டுவினோ லியனார்டோ என்ற சின்ன சர்க்யூட் போர்டில் இணைத்தால் கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக்காகவே எடுத்துக்கொள்ளும்.

மூடிய பேனலுக்குப் பின்னால் மானிட்டர் சூடாகும். சூட்டை வெளியே தள்ள மேலே ஒரு 120 மி.மீ. ஃபேன், காற்று உள்ளே வரக் கீழே அதே அளவு துளை. கீழ்த்துளைக்குக் கொசுவலை ஒட்ட மறக்காதீர்கள். பல்லி உள்ளே போய்விட்டால் மொத்தப் பேனலையும் கழற்றித்தான் பிடிக்கவேண்டும்.