பழைய றெட் லெட் இரும்பைச் சுரண்டும் முன்

வன்னியில் பழைய உழவு இயந்திரப் பெட்டி, கேற், தண்ணீர்த்தாங்கிக் கால் எதிலும் மேல் பெயின்ற் உரிந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடியில் பளிச்சென்ற செம்மஞ்சள் தெரிந்தால் றெட் லெட் எனும் பழைய ஈய அடிப்பூச்சாக இருக்கலாம். வெயில் மழை பட்ட இடத்தில் அது வெளிறி வெண்தூள் பூத்திருக்கும். கடையில் விற்கும் றெட் ஒக்சைட் மங்கிய செங்கபிலம். அது இரும்பின் ஒக்சைட். நிறம் மட்டும் உறுதியான சோதனை அல்ல. சந்தேகம் என்றால் ஈயம் என்றே எடுத்து வேலை செய்யுங்கள்.

றெட் லெட் தூளின் எடையில் ஏறத்தாழ 90 வீதம் ஈயம். ஆளிவிதை எண்ணெயோடு சேர்ந்து ஈயச் சவர்க்காரமாகி இரும்பைத் துருவிலிருந்து காக்கும். அதனால்தான் இவ்வளவு காலம் பூசினார்கள். பழைய இயந்திரங்களின் குரோம் மஞ்சள் பூச்சு இன்னும் மோசம்: ஈயத்தோடு புற்றுநோய் தரும் குரோமியமும் அதில் உண்டு.

பூச்சு இறுகப் பிடித்திருந்தால் தொடாதீர்கள். கழுவி, மேலே பூசி மூடினால் போதும். ஆபத்து தூளிலும் புகையிலும்தான்.

உரிக்கத்தான் வேண்டுமென்றால் கிரைண்டர், காய்ந்த உப்புத்தாள், தீச்சுவாலை மூன்றும் வேண்டாம். கீழே தடித்த பொலித்தீன் விரித்து, தெளிப்பானால் நனைத்து, நனைந்தபடியே கைச்சுரண்டியால் எடுங்கள். காய்ந்தால் திரும்ப நனையுங்கள். துணி மாஸ்க் பயன்படாது. நுண்தூளைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள அரைமுக மாஸ்க் தேவை. சோளகக் காற்று அடிக்கும் நாளில் திறந்த வளவில் தொடங்கவே வேண்டாம், தூள் அடுத்த வீட்டுக் கிணற்றடிவரை போகும். வெல்டிங் செய்வதென்றால் சூடு படும் இடத்தைச் சுற்றி 4 அங்குலத்துக்குப் பூச்சை முதலில் நீக்குங்கள். இல்லாவிட்டால் ஈயப்புகை நேரே நுரையீரலுக்குள்.

முடிந்ததும் கொம்பிரசரால் ஊதாமல், ஈரத்துணியால் இருமுறை துடைத்து, காயவிட்டு, சிங்க் பொஸ்பேற் பிரைமர் பூசுங்கள். செதில், துணி, பொலித்தீன் எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, எங்கே ஒப்படைப்பதென்று பிரதேச சபையில் கேளுங்கள். எரிக்கவோ வளவில் புதைக்கவோ கூடாது. கோழி கொத்தும் மண்ணில் செதில் விழுந்தால் முட்டையிலும் ஈயம் ஏறும்.

சவர்க்காரம் போட்டுக் கைமுகம் கழுவாமல் வெற்றிலை, பீடி, தேத்தண்ணி எதையும் தொடாதீர்கள். வேலைச் சாரத்தைப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்காதீர்கள். சிறுபிள்ளைக்கு மிகச் சிறிய அளவு ஈயமும் மூளையைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை. இந்த வேலையை அடிக்கடி செய்பவர் வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு வரும்வரை காத்திராமல், வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவு பார்க்கவேண்டும்.