சீட்டில் மின்னியது அழுக்கு

காரில் டிரைவர் சீட் மட்டும் பளபளவென்று மின்னுவதைப் பார்த்து நல்ல தோல் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அது உடம்பு எண்ணெயும் வியர்வையும் படிந்த அழுக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். தப்பு, சீட் வறண்டு விறைத்துப்போனது. பிறகு தோலுக்கென்று இருக்கும் கிளீனரை வாங்கி, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் சோதித்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷில் தொட்டு, உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாகத் தேய்த்தேன். சுருக்கங்களிலிருந்து பழுப்பு நுரை கிளம்பியது, ஜீன்ஸ் சாயமும் கூடவே. நுரை காய்வதற்குள் ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். துளை போட்ட சீட் என்றால் ஈரம் இன்னும் குறைவாக. தோலை மென்மையாக வைக்கத் தடவும் கண்டிஷனர்? இப்போதைய சீட்டுகளில் பெரும்பாலும் தோலுக்கு மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது உள்ளே அவ்வளவாக இறங்காது, மெல்லிசாகத் தடவினால் போதும். சீட் இப்போது மினுமினுப்பு இல்லாமல் மங்கலாக இருக்கிறது, புதிதில் இருந்த மாதிரியே.