சாகப்போகும் சர்க்யூட்டைப் பதிவு செய்வது எப்படி

1956-இல் வந்த ‘ஃபார்பிடன் பிளானட்’ படத்தில் வயலின் கிடையாது, டிரம்பெட் கிடையாது. ஒரு முழுநீளப் படத்துக்கு முழுக்க மின்னணு ஒலியாலேயே இசையமைத்தது அதுதான் முதல் முறை. செய்தவர்கள் நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் ஸ்டுடியோ வைத்திருந்த லூயி பேரன், பீபீ பேரன் தம்பதி. இசைக்கலைஞர் சங்கத்தோடு வம்பு வேண்டாமென்று, டைட்டிலில் ‘இசை’ என்று போடாமல் ‘எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்’ என்று போட்டார்கள். அந்த எழுத்துகள் திரையில் வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். அது இசைதான்.

கணித மேதை நார்பர்ட் வீனரின் ‘சைபர்னெடிக்ஸ்’ என்ற புத்தகத்தைப் படித்துவிட்டு, லூயி சர்க்யூட்டுகளை உயிருள்ளவை போல நடத்தினார். தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் கொடுப்பார். சர்க்யூட்டிலிருக்கும் வால்வுகள் (பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்) கத்தி, முனகி, கடைசியில் எரிந்துபோகும். போனது போனதுதான், அதே சத்தம் மறுபடி வராது. அதனால் டேப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் எதையும் எரிக்க வேண்டாம். வீட்டுக் கரண்ட் பக்கமே போகாதீர்கள், 9 வோல்ட் பேட்டரி போதும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சிடி40106 ஐசி (14 கால் உள்ள சின்ன சிப்) ஒன்று, 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் இரண்டு, அதே அளவில் ரெசிஸ்டர் ஒன்று, பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் ஒயர் செருகும் துளைப் பலகை) வாங்குங்கள்.

ஐசியின் பள்ளம் மேலே இருக்கும்படி வைத்தால், இடது மேல் கால்தான் 1. அங்கிருந்து கீழே 7 வரை, பிறகு வலப்பக்கம் கீழிருந்து மேலே 14 வரை எண்ணுங்கள். 1-ஆம் காலிலிருந்து 7-க்குக் கெப்பாசிட்டர். 1-க்கும் 2-க்கும் நடுவில் முதல் கண்ட்ரோல். 3, 5, 9, 11, 13 ஆகிய சும்மா இருக்கும் கால்களை 7-உடன் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஐசி குழம்பும். பேட்டரியின் மைனஸ் 7-க்கு. பிளஸ் நேராக 14-க்குப் போகக்கூடாது. இரண்டாவது கண்ட்ரோல் வழியாகப் போக வேண்டும். இதுதான் முக்கியம். 2-ஆம் காலிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர். ஸ்பீக்கரின் கிரவுண்டை 7-இல் சேருங்கள். முதலில் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள்.

முதல் கண்ட்ரோலைத் திருப்பினால் சுருதி ஏறி இறங்கும். அது வெறும் ரீங்காரம், அதிலேயே நின்றுவிடாதீர்கள். இரண்டாவதை மெல்லத் திருப்பி ஐசிக்குப் பட்டினி போடுங்கள். குரல் தடுமாறும், கரகரக்கும், விட்டு விட்டு வரும், அப்புறம் அடங்கும். முதல் தடவை அது அடங்கியபோது நான் போனில் ரெக்கார்டிங்கை நிறுத்தி வைத்திருந்தேன். அந்த மூச்சு அதன்பிறகு வரவே இல்லை. அதனால் ஒயர் செருகுவதற்கு முன்பே ரெக்கார்டரை ஓடவிடுங்கள்.

அடுத்தது பீபீயின் வேலை. மணிக்கணக்கில் ஓடிய டேப்பைப் பொறுமையாகக் கேட்டு, எது உயிரோடிருக்கிறது என்று பொறுக்கியவர் அவர். சர்க்யூட் கட்டுவதைவிட இதுதான் கடினம். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் போட்டுக் கேளுங்கள். பிடித்த துண்டை வேகத்தில் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிப்பாகும். இன்னொரு முறை பாதியாக்கினால் கீச்சொலிகூடப் பெரிய மிருகத்தின் உறுமலாகும். பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், எக்கோ சேருங்கள். டேப்பை வைத்து அவர்கள் செய்ததும் இதேதான்.

போன ஞாயிற்றுக்கிழமை 40 நிமிடம் பதிவு செய்தேன். அதில் வைத்துக்கொண்டது 11 விநாடி.