ஈ.கோலையும் புக்னெராவும்: இரண்டு வளர்சிதை வலைகளை ஒப்பிடும் பயிற்சி

அவரைக் கொடியின் நுனியில் அப்பிக் கிடக்கும் அசுவினிப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். செடியின் சாறுதான் அதற்குச் சாப்பாடு. சர்க்கரை ஏராளம், அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பது பூச்சியின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் புக்னெரா என்ற பாக்டீரியா. இது நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு உறவுக்காரன்தான், ஆனால் மரபணுத்தொகுதி சுருங்கிப் போனது. ஈ.கோலைக்குச் சுமார் 46 லட்சம் டி.என்.ஏ எழுத்துகள் என்றால், 2000ஆம் ஆண்டு வாசிக்கப்பட்ட பட்டாணி அசுவினியின் புக்னெராவுக்கு 6.4 லட்சம்தான். செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளில் (அவற்றின் பின்னல்தான் வளர்சிதை வலை) எதை வைத்துக்கொண்டு எதை விட்டது? கணினியில் கண்டுபிடிப்போம். கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும்.

படி 1: தரவை எடுப்பது

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995இல் தொடங்கிய கெக் (KEGG) என்ற, மரபணுக்களையும் வேதிவினைகளையும் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளத்துக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு உயிரிக்கும் ஒரு சுருக்கக் குறியீடு உண்டு. இரண்டு உயிரிகளுக்கும் 'மரபணு, கே-எண்' என்ற இரு பத்திப் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள்.

மரபணுப் பெயர்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள். ஒரே வேலையைச் செய்யும் மரபணுவுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ஒரே வேலையைச் செய்யும் மரபணுக்களுக்குக் கெக் தரும் கே-எண்தான் பொது அடையாளம். அதிலிருந்து, அந்த மரபணுவின் நொதி நடத்தும் வேதிவினையின் எண்ணுக்குப் போங்கள். ஒரு சிக்கல்: சில நொதிகள் பல துண்டுகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஒரு துண்டு மட்டும் இருந்தாலும் உங்கள் நிரல் 'வினை உண்டு' என்று எழுதிவிடும். சந்தேகமான இடங்களைக் கையால் சரிபார்ப்பதே நல்லது.

படி 2: கணங்களை ஒப்பிடுவது

இப்போது இரண்டு வினைக் கணங்கள் கையில் இருக்கின்றன. எல்லோரும் முதலில் எடுப்பது ஜக்கார் அளவு: பொதுவான வினைகளை, இரண்டிலும் சேர்த்து உள்ள மொத்த வினைகளால் (பொதுவானவற்றை ஒருமுறை மட்டும் எண்ணி) வகுப்பது. அதில்தான் தொடக்கக்காரர்கள் சறுக்குவார்கள். ஒரு உயிரிக்கு 10 வினைகள், இன்னொன்றுக்கு 4, அந்த நான்கும் பத்துக்குள்ளேயே அடக்கம் என்று வையுங்கள். ஜக்கார் 0.4 என்று சொல்லும். 'பெரிய ஒற்றுமை இல்லை' என்று நினைத்து நகர்ந்துவிடுவீர்கள். பொதுவானதைச் சிறிய கணத்தின் அளவால் வகுத்துப் பாருங்கள்: 4/4 = 1. சின்னது முழுக்கப் பெரியதற்குள் இருக்கிறது! புக்னெரா கதையும் கிட்டத்தட்ட இதுதான். அளவில் இவ்வளவு வித்தியாசம் உள்ள உயிரிகளுக்கு இரண்டாவது அளவைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

படி 3: வலையாக மாற்றுவது

வேதிப்பொருள்கள் புள்ளிகள், வினைகள் கோடுகள். பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் சில வரி வேலை. முதன்முறை செய்தபோது குளுக்கோஸிலிருந்து பைருவேட்டுக்கு இரண்டே தாவலில் வழி வந்தது, ஒரே சந்தோஷம். அப்புறம்தான் புரிந்தது: குளுக்கோஸ், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியிடமிருந்து (ATP) ஒரு பாஸ்பேட்டை வாங்கும்போது, மிச்சப் பொருள் (ADP) வெளியே வருகிறது, பைருவேட் உண்டாகும் வினை அதே பொருளை எடுத்துக்கொள்கிறது. நிரல் அதன் மேல் ஏறித் தாவிவிட்டது. குளுக்கோஸை உடைத்துப் பைருவேட் ஆக்கும் கிளைகாலிசிஸ் பாதையில் கார்பன் நடக்கும் வழிக்கு ஒன்பது தாவல் வேண்டும். ஆகவே தண்ணீர், ஏடிபி, அதன் துணைகள், பாஸ்பேட் போல எங்கும் தலைகாட்டும் பொருள்களை முதலில் நீக்கிவிடுங்கள். நீக்கிய பட்டியலைக் குறித்து வையுங்கள். இரண்டு உயிரிகளுக்கும் ஒரே பட்டியல்தான்.

படி 4: ஓட்டைகளைத் தேடுவது

எனக்குப் பிடித்த கட்டம் இது. ஈ.கோலையில் உண்டு, புக்னெராவில் இல்லை என்ற வினைகளைப் பாதை வாரியாக அடுக்குங்கள். லூசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் பாதையைப் பாருங்கள்: வரிசையாகப் படிகள் இருக்கின்றன, கடைசிப் படியில் மட்டும் 2.6.1.42 என்ற எண்ணுள்ள நொதி காணோம். வாலின், ஐசோலூசின் என்ற அமினோ அமிலங்களுக்கும் கடைசிப் படி அதே நொதிதான், அங்கும் இல்லை.

தரவுப் பிழையா? அப்படி நினைத்து நீங்களே இட்டு நிரப்பிவிடாதீர்கள். பட்டாணி அசுவினியின் பட்டியலையும் இறக்கி, புக்னெராவின் கணத்தோடு சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். 2.6.1.42 பூச்சியின் பட்டியலில் இருக்கும். கடைசிப் படியைப் பூச்சியே முடித்துக்கொள்கிறது.