பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தோம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம் என்பதே மறந்துபோய், இப்போது போனால் ஃபாதர் திட்டுவாரோ என்று கோயில் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் பதினொரு வருடம் கழித்துப் போனவன். யாரும் திட்டவில்லை.

முதலில் எங்கே போவது? களியக்காவிளைப் பக்கம் எங்கள் ஆட்கள் சிலர் சொந்தப் பங்குக் கோயிலில் சொல்ல வெட்கப்பட்டு, பஸ் ஏறி எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையில் முகம் தெரியாத அச்சனிடம் (ஃபாதரைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்) சொல்லிவிட்டு வருவார்கள். தாராளமாகச் செய்யலாம், தப்பே இல்லை. ஆனால் அவருக்குத் தமிழ் புரியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அரைகுறை மலையாளத்தில் பாவத்தை மழுப்புவது ரொம்ப சுலபம். பூசையில் நாம் 'என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே' என்று நெஞ்சில் தட்டும் இடத்தில் அவர்கள் 'என்றெ பிழ' என்பார்கள். மலையாளத்தில் பிழ என்றால் தப்பும் உண்டு, கோர்ட்டில் கட்டுகிற அபராதமும் உண்டு. அந்த அபராதத்துக்குப் பிறகு வருகிறேன்.

முந்தின நாள் ராத்திரி ஒரு அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நினைவுக்கு வருவதைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், வந்ததும் அடுப்பில் போட்டுவிடலாம். 'கோபப்பட்டேன்' என்று எழுதினால் போதாது, கோபப்படாதவர் யார்? 'அப்பாவைக் கை நீட்டி அடித்தேன், இரண்டு தடவை' என்று எழுதுங்கள். பெரிய பாவம் என்றால் இன்னது, ஏறத்தாழ இத்தனை முறை என்று சொல்லத்தான் வேண்டும். இன்னொன்று, உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேர் உள்ளே போய் மருமகளின் பாவத்தைச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

உள்ளே மண்டியிட்டுச் சிலுவை போட்டு, கடைசியாகச் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லுங்கள். பாவத்துக்காக மனம் வருந்திச் சொல்லும் மனஸ்தாப ஜெபம் மறந்துவிட்டதா, மறந்துவிட்டது என்றே சொல்லிவிடுங்கள், ஃபாதர் சொல்லித் தருவார். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் எதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லையோ அதிலிருந்து தொடங்குங்கள், மீதி தானாக வரும். மறந்துபோனதற்கும் சேர்த்தே மன்னிப்பு உண்டு, ஆனால் பெரிய பாவத்தைத் தெரிந்தே மறைத்தால் மொத்தமும் செல்லாது. வெளியே தெரிந்துவிடும் என்ற பயமே வேண்டாம். கேட்டதைக் காட்டிக்கொடுக்கும் குரு, அந்தக் கணமே திருச்சபையை விட்டு விலக்கப்பட்டவர் ஆவார். சட்டம் அவ்வளவு கடுமை.

எங்கள் அத்தை வீடு சி.எஸ்.ஐ., குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யும் வழக்கம் இல்லாத புராட்டஸ்டன்ட் சபை. 'மனுஷன்கிட்ட எதுக்குடே சொல்லணும், நேரா ஆண்டவர்கிட்ட சொல்லு' என்று, பாவங்களை அறிக்கையிட்டால் கடவுள் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 எடுத்துக் காட்டுவாள். நான், யாருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று இயேசு சீடர்களிடம் சொன்ன யோவான் 20:23 காட்டுவேன். இந்தச் சண்டை எங்கள் ஊரில் தீராது. ஆனால் முழங்காலில் நின்று நேராகச் சொல்கிறவர்களுக்கும் அந்தத் துண்டுக் காகிதம் உதவும்.

சரி, அபராதம். பாவமன்னிப்பு கிடைத்தாலும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது, இதைத்தான் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பள்ளியில் படிக்கிற காலத்தில் பக்கத்து விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பர் மரச் சிரட்டைகளில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விடிவதற்குள் பிய்த்துச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விற்றிருக்கிறேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடம். கையில் அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. 'திருடினேன்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடப் பார்த்தேன். 'எவ்வளவு இருக்கும்?' என்றார் ஃபாதர். யோசித்து ஒரு தொகை சொன்னேன். 'விளைக்காரர் இருக்காரா?' இருக்கிறார். 'அப்போ கொடுத்துட்டு வாங்க.' பெயர் சொல்லாமல் கொடுத்தாலும் போதும், வேண்டுமானால் என் கையில் தாருங்கள், சேர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னார். உங்களுக்கு நேரில் போக முடியாத நிலை என்றால் அந்த வழியைக் கேளுங்கள், வெட்கமில்லை.

நான் நேரில்தான் போனேன். பெரியவர் திண்ணையில் இருந்தார். விஷயத்தைச் சொல்லிக் கவரை நீட்டினேன். எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணினார், பிறகு மறுபடியும் எண்ணினார்.

"இது அன்னைக்கு விலையா மக்கா, இன்னைக்கு விலையா?"

அன்றைய விலை என்றேன். ஒன்றும் பேசாமல் கவரை மடியில் சொருகிக்கொண்டார். பைபிளில் வரிக்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் இன்னொரு கவர் கொண்டுபோனேன்.